ஒன்றரை சென்டிமீட்டர் அருள்

கல்லாங்காட்டுப்புதூர் நிறுத்தத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் நின்றால், இறங்குகிறவர்களில் பாதிப் பேர் கொஞ்சம் குட்டையாக இருப்பார்கள். மீதிப் பாதி, அவர்களைக் கூட்டி வந்த அப்பா அம்மாக்கள். அவர்களும் குட்டைதான். ஆனால் அவர்களுக்குப் போலீசில் சேரும் உத்தேசம் இல்லை.

ஆறு மாதத்துக்கு முன்பு அங்கே பஸ்ஸே நிற்காது. இப்போது திருச்செங்கோட்டிலிருந்து ஸ்பெஷல் விடலாமா என்று பேச்சு. டீக்கடை மூன்று, தேங்காய் பழக்கடை ஐந்து, போட்டோ எடுத்து 'முன்', 'பின்' என்று பிரிண்ட் போட்டுக் கொடுக்கும் கடை ஒன்று. எல்லாம் வளர்த்திச் சாமியார் புண்ணியம். அவர் தொட்டால் ஒரே ராத்திரியில் ஆள் ஒன்றரை சென்டிமீட்டர் வளர்ந்துவிடுகிறான். வாய்ச்சொல் இல்லை, அளந்தே காட்டுகிறார்.

போலீஸ் வேலைக்கு உயரம் வேண்டும். ஆணுக்கு நூற்றெழுபது சென்டிமீட்டர், பெண்ணுக்கு நூற்றைம்பத்தொன்பது. நாமக்கல், ராசிபுரம் பக்கம் ஆள் எடுக்கும் அறிவிப்பு வந்துவிட்டால், விடிகாலை ரோட்டில் பால் வண்டியைவிட ஓடுகிற பிள்ளைகள்தான் அதிகம். ஓட்டத்தைப் பழகிக்கொள்ளலாம், கயிறு ஏறப் பழகிக்கொள்ளலாம், சட்டத்தை உருப்போட்டுக்கொள்ளலாம். பற்றாமல் போன அரை சென்டிமீட்டர் உயரத்தை எந்தக் கோச்சிங் சென்டரில் போய்ப் படிப்பது? அந்த அரை சென்டிமீட்டர் சந்தில் பாய் விரித்து உட்கார்ந்தவர்தான் நம் சாமியார்.

சாமியாருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் சின்னராஜ். முன்பு உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு காடு காடாக நடந்து, தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் போர் போடச் சொல்லிக்கொண்டிருந்தார். ரிக் வண்டி ஆயிரத்து இருநூறு அடி ஓட்டியும் புழுதிதான் வந்தது. ஏழெட்டுத் தோட்டத்துக்காரர்கள் ஒன்றுசேர்ந்து தேட ஆரம்பித்ததும் ஆளைக் காணோம். திரும்பி வந்தபோது தாடி இருந்தது. ஆழத்தில் தோற்ற மனுஷன், உயரத்தில் பிழைத்துக்கொள்ளலாம் என்று முடிவு பண்ணியிருந்தார். மடம் என்று அவர் பிடித்தது, நஷ்டப்பட்டு மூடிய ஒரு கோழிப்பண்ணைக் கொட்டகை. கோழிகள் வரிசையாக இருந்த இடத்தில் இப்போது மனிதர்கள் வரிசையாகப் படுத்தார்கள். கோழிகளாவது காலையில் முட்டை கொடுத்தன.

அந்த வரிசையில்தான் ஒரு வெள்ளிக்கிழமை சௌந்திரம் தன் மகள் கிருத்திகாவைக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தாள்.

கிருத்திகா வயது வரம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிறவள். இந்த முறை விட்டால் அப்புறம் காக்கிச் சட்டை கிடையாது. போன முறை எழுத்துத் தேர்வில் நல்ல மார்க் வாங்கி, சேலத்து மைதானத்தில் காலையிலிருந்து வெயிலில் நின்று, உச்சிப் பொழுதில் அளவுக்குப் போனாள். நூற்றைம்பத்தெட்டரை. ஓடிக் காட்டக்கூட விடாமல் வெளியே அனுப்பிவிட்டார்கள். ஓட்டத்தில் அவளைப் பிடிக்க அந்தத் தாலுக்காவில் ஆள் இல்லை. பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை அழுதாள். ஜன்னலோரத்துக்காரம்மா, துக்க வீட்டுக்குப் போகிறாள் போலிருக்கிறது என்று தண்ணீர் கொடுத்தாள்.

பரீட்சைக்காக அவள் ஒரு பக்கத்தை நெட்டுரு போட்டு வைத்திருந்தாள். 'காவலருக்கு இருக்க வேண்டிய குணங்கள்: கூர்ந்து கவனித்தல், பொறுமை, நேர்மை, அஞ்சாமை, ஆதாரமின்றி எதையும் நம்பாமை.' தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை பிசகாது. அந்தக் குணங்களைப் பரீட்சைக்கு வெளியிலும் பயன்படுத்தலாம் என்றுதான் யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

மடத்து முறை இப்படி. பஸ் நிறுத்தத்திலிருந்து மடம் இரண்டு கிலோமீட்டர். பக்தர்கள் அத்தனை தூரமும் தலையில் ஒரு கல்லைச் சுமந்துகொண்டு நடந்து வர வேண்டும். அது நேர்த்திக்கல்லாம். (மடத்துக்குச் சுற்றுச்சுவர் கிடுகிடுவென்று எழும்பிக்கொண்டிருந்தது. கல் வாங்கின செலவு சாமியாருக்கு ஒரு பைசா கிடையாது.) வந்து கல்லை இறக்கியதும், சாயங்கால அளவு. சீடன் சித்தார்த் அதை ஒரு நீள நோட்டில் எழுதிக்கொள்வான். அப்புறம் கொட்டகையில் மல்லாந்து படுக்க வேண்டும். தலைமாட்டில் ஒரு எலுமிச்சம்பழம். சாமியார் வந்து தொடும்வரை எழுந்து உட்காரவே கூடாது. விடிந்ததும் ஒவ்வொருவராகத் தொட்டு எழுப்பி, எழுப்பின கையோடு அளவுகோலில் நிறுத்துவார். நோட்டில் காலை அளவு ஏறும்.

கிருத்திகாவுக்குச் சாயங்காலம் நூற்றைம்பத்தெட்டு. காலையில் நூற்றைம்பத்தொன்பதரை.

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சௌந்திரம் அழுதேவிட்டாள். ஏன், கிருத்திகாவே கையெடுத்துக் கும்பிட்டாள். சாமியார் கடைசியாக ஒரு கட்டளை போட்டார். நாற்பத்தொரு நாளைக்கு யாரும் அவளை அளக்கக் கூடாது. அளந்தால் வந்த வளர்த்தி வந்த வழியே போய்விடும்.

இரண்டு நாள் தரையில் கால் படாமல் திரிந்தாள். மூன்றாம் நாள், கோச்சிங் சென்டரில் கொடுத்த பயிற்சிக்கு உட்கார்ந்தாள். நேரில் பார்த்த ஒரு சம்பவத்தைக் காவல் அறிக்கை மாதிரி எழுத வேண்டும். யார், எங்கே, எப்போது, என்ன நடந்தது, எதனால் நடந்தது. அவள் நேரில் பார்த்த பெரிய சம்பவம் எது? தான் வளர்ந்ததுதான். மளமளவென்று எழுதிக்கொண்டே வந்தாள். 'எதனால்' என்ற இடத்தில் பேனா நின்றது.

எலுமிச்சம்பழத்தால் என்று எழுதினாள். அடித்தாள். சாயங்காலத்துக்கும் காலைக்கும் நடுவில் எலுமிச்சம்பழம் மட்டுமா இருந்தது? சாயங்காலம் கல் சுமந்திருந்தாள், காலையில் சுமக்கவில்லை. சாயங்காலம் நாளெல்லாம் நின்ற உடம்பு. காலையில் எட்டு மணி நேரம் படுத்த உடம்பு. சந்தேகப்பட வேண்டிய ஆசாமிகள் நான்கு பேர் இருக்கும்போது, எலுமிச்சம்பழத்தை மட்டும் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தினால் எந்தக் கோர்ட் ஒப்புக்கொள்ளும்? அதைவிட உறுத்தியது அந்தக் கட்டளை. குற்றமில்லாதவன் 'வந்து சோதனை போட்டுக்கொள்' என்பான். அளக்கவே கூடாது என்று எவன் சொல்லுவான்?

தன்னை அளந்துகொள்ள அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஒன்றரை சென்டிமீட்டரை யார்தான் லேசில் பணயம் வைப்பார்கள்? ஆகவே அம்மாவை அளந்தாள்.

அவளுடைய அப்பா வெள்ளியங்கிரி, நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் தச்சர். சாமியாரை நம்பவும் மாட்டார், நம்பாமலும் இருக்க மாட்டார். டேப்பை மட்டும் நம்புவார். தறிப் பட்டறையில் பகலெல்லாம் நின்றுவிட்டு வந்த சௌந்திரத்தை நிலைக்கதவோரம் நிறுத்தி, தலைமேல் மூலைமட்டம் வைத்து, பென்சிலில் கோடு போட்டார். மறுநாள் விடியலில், அவள் பாயிலிருந்து எழுந்தவுடனே அதே இடத்தில் இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஒரு விரல் தாராளமாகப் போகும்.

அம்மா வளர்ந்துவிட்டாள். எலுமிச்சம்பழம் இல்லை, நேர்த்திக்கல் இல்லை, தொட்டு எழுப்ப ஆள் இல்லை. வயது நாற்பத்தெட்டு.

"சாமியோட அருள் எம்மேலயும் பட்டிருக்குது புள்ள," என்றாள் சௌந்திரம், பல் துலக்கிக்கொண்டே.

அன்று சாயங்காலம் மறுபடி அளந்தார்கள். அருள் இறங்கிப்போய்ப் பழைய கோட்டுக்கே வந்திருந்தது. கிருத்திகா தன்னையும் அளக்கச் சொன்னாள். நூற்றைம்பத்தெட்டரை. பள்ளிக்கூடத்து உயிரியல் புத்தகத்தைப் பரணிலிருந்து இறக்கினாள். முதுகெலும்புக் கண்ணிகளுக்கு நடுவே மெத்தை மாதிரி வட்டுகள் இருக்கின்றன. நாளெல்லாம் நின்றால், அதிலும் தலையில் கல்லை வைத்தால், அவை அமுங்கும், படுத்தால் உப்பும். உலகத்தில் எல்லோரும் ராத்திரி வளர்ந்து பகலில் தேய்கிறார்கள். சாமியார் செய்ததெல்லாம், தேய்ந்தபோது ஒரு தரமும் வளர்ந்தபோது ஒரு தரமும் அளந்ததுதான்.

அவளுக்கு முதலில் அழுகை வந்தது. அப்புறம் கோபம் வந்தது. மைதானத்தில் அளவுக்கு இன்னும் பத்து நாள்தான். நாற்பத்தொரு நாள் பத்தியத்தை நம்பிக்கொண்டு, அருள் இருக்கிறது என்ற தைரியத்தில், நடுப்பகலில் போய் நிற்கப்போகிற பிள்ளைகள் எத்தனை பேர்? ஆடு விற்றுக் காணிக்கை வைத்த குடும்பங்கள் அந்தக் கொட்டகையில் படுத்திருந்ததை அவள் கண்ணாலேயே பார்த்திருந்தாள். தனக்குத் தெரிந்துவிட்டது என்று வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். இருந்தால் அந்தக் குணப்பட்டியலை எதற்கு நெட்டுரு போட்டது?

அடுத்த வெள்ளிக்கிழமை சாமியாரே ஆள் விட்டு அவளை வரச்சொல்லியிருந்தார். வளர்ந்த பெண்ணைக் கூட்டத்துக்குக் காட்ட வேண்டும் அல்லவா? முந்நூறு பேர் இருந்தார்கள். கூட்டத்தை ஒழுங்குபடுத்த ஸ்டேஷனிலிருந்து ஏட்டு காளியப்பனைப் போட்டிருந்தார்கள். அவரும் லேசுப்பட்ட பக்தர் இல்லை. மகன் தீனதயாளனை ஊரறிய மூன்று தடவை அங்கே படுக்க வைத்தவர்.

சாமியார் அவளை மேடையில் ஏற்றி, நூற்றைம்பத்தெட்டாக வந்த பெண் நூற்றைம்பத்தொன்பதரை ஆன கதையைச் சொல்லி முடித்தார். கிருத்திகா கும்பிட்டுக்கொண்டே கேட்டாள்.

"சாமி, இப்பவும் ஒருக்கா அளந்து காட்டிருங்க. எல்லாரும் பாக்கட்டும்."

"நாப்பத்தொரு நாளு ஆகலியே கண்ணு."

"எங்களுக்கு ஆளெடுக்கறது அடுத்த வாரமுங்க. அங்கிருக்கற ஆபீசரு நாப்பத்தொரு நாளு பொறுத்து அளப்பாருங்களா?"

பின்வரிசையில் எவனோ ஒருத்தன் சிரித்துவிட்டு, அடக்கிக்கொண்டான்.

சீடன் சித்தார்த் அவள் காதோரம் வந்து, கோயில் காரியத்தில் ரகளை பண்ணினாள் என்று ஒரு புகார் கொடுத்தால் போதும், கேஸ் ஆகிவிடும், கேஸ் உள்ளவளுக்கு எந்தப் போலீஸ் வேலை என்று பவ்யமாக விசாரித்தான். உண்மைதான். ஒரு கேஸ் விழுந்தால், உயரம் பனைமரம் அளவு இருந்தாலும் பிரயோஜனமில்லை. காளியப்பனும் பக்கத்தில் வந்து சொன்னார்.

"எறங்கிரு அம்மிணி. நாளைக்கு வெரிஃபிகேசனுக்கு நாங்கதான் எழுதோணும். உன்ற நல்லதுக்குத்தான் சொல்றேன்."

கிருத்திகாவுக்குப் பயம்தான். பட்டியலில் 'அஞ்சாமை' என்று எழுதினவர் மேடையேறிப் பார்த்ததில்லை போலிருக்கிறது. ஆனாலும் இறங்கவில்லை.

"ஏட்டய்யா, நான் ஒண்ணும் ரகளை பண்ணலீங்க. அந்த நோட்டுல உங்க பையன் பேருக்கு நேரா என்ன எழுதியிருக்குதுன்னு மட்டும் படிச்சிருங்க. எறங்கிக்கறேன்."

நோட்டைக் கேட்டு வாங்குவது இருபத்திரண்டு வருஷத்துப் பழக்கம். காளியப்பன் யோசிப்பதற்கு முன்பே கை நீண்டுவிட்டது. சித்தார்த்தும் பழக்கதோஷத்தில் கொடுத்துவிட்டான். ஏட்டு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார். தை மாதம்: சாயங்காலம் நூற்று அறுபத்தெட்டரை, காலையில் நூற்றெழுபது. மாசி: சாயங்காலம் நூற்று அறுபத்தெட்டரை, காலையில் நூற்றெழுபது. பங்குனி வரியைப் படிக்கும்போது குரல் தேய்ந்தது. அதுவும் அதேதான்.

"மூணு தடவ ஒண்ணரை ஒண்ணரையா வளந்தா நாலரை," என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல. "என்ற பையன் இப்ப நூத்தியெழுவத்திமூணு இருக்கோணுமே."

தம்பி கறி தின்றிருப்பான், அதனால் வளர்த்தி இறங்கியிருக்கும் என்றார் சாமியார். கூட்டத்தில் நின்ற தீனதயாளன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. நாமக்கல் ஜில்லாவில் பிறந்து, மூன்று மாதமாக முட்டையைக்கூடத் தொடாத பிள்ளை அவன்.

கிருத்திகா ரொம்பப் பொறுமையாகக் கேட்டாள். கறி தின்றால் வளராதா? வளராது என்றார். சாமி தொடாவிட்டால் வளராதா? வளரவே வளராது என்றார். எலுமிச்சம்பழம் இல்லாவிட்டால்? அதுவும் வளராது என்றார். மூன்றையும் முந்நூறு பேர் கேட்டார்கள். எதிராளி எங்கெங்கே நிற்கிறான் என்று முதலில் குச்சி அடித்துக்கொள்ள வேண்டும். அப்புறம்தான் கயிறு கட்ட வேண்டும்.

மடத்து வாசலில் ராஜம்மாள் என்று ஒரு அம்மாள் கோழி வறுவல் கடை போட்டிருந்தாள். பத்தியம் இருக்கும் பிள்ளைகளைக் கூட்டி வந்த அப்பாக்கள்தான் அவளுக்கு வாடிக்கை. வயது அறுபத்திரண்டு. கிருத்திகா அவளை உள்ளே கூப்பிட்டு வந்து, எல்லோர் முன்னாலும் அளக்கச் சொன்னாள். நூற்று நாற்பத்தெட்டு. அந்த அம்மாள் தன் பாட்டுக்கு வறுவலைச் சாப்பிட்டுவிட்டு இங்கேயே ஒரு மூலையில் படுக்கட்டும், சாமி தொட வேண்டாம், பழமும் வேண்டாம், காலையில் பார்ப்போம் என்றாள். சாமியார் தலையை ஆட்டினார். முந்நூறு பேர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

யாரும் கிட்டே போய்த் தொட்டுவிட்டு அருள் என்று சொல்லிவிடக் கூடாதே என்று, காளியப்பன் நாற்காலி போட்டு ராஜம்மாள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். மந்திரிகளுக்குக்கூட அவர் அப்படி பந்தோபஸ்து கொடுத்ததில்லை. ராஜம்மாள் கவலையில்லாமல் குறட்டை விட்டாள்.

விடிந்தது. கிருத்திகா அவளை எழுப்பி அளவுகோலில் நிறுத்தினாள். ஏட்டு குனிந்து பார்த்தார். இன்னொரு தரம் பார்த்தார்.

"நூத்தி நாப்பத்தொம்போது, புள்ளி ஆறு."

ராஜம்மாள் கொண்டையை முடிந்துகொண்டே கேட்டாள். "இந்த வயசுல வளந்து நான் எந்தப் போலீசுல சேரப்போறேன்?"

தகரக் கொட்டகையே கிழிந்துவிடும் போலச் சிரித்தார்கள். படுத்திருந்த பிள்ளைகள் தொடுகைக்குக் காத்திராமல் எழுந்து உட்கார்ந்தார்கள். அந்த அம்மாள் மேல் அருள் தானாக இறங்கிவிட்டது என்று சாமியார் என்னமோ சொல்லிப் பார்த்தார். காதில் வாங்க ஆள் இல்லை. காளியப்பன் அவரிடம், பழைய பெயரைச் சொல்லி, சட்டையைப் போட்டுக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். ஸ்டேஷன் வரைக்கும் போய்விட்டு வரலாமாம்.

போவதற்கு ஒரு புகார் வேண்டும். ஏட்டு கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் வானத்தைப் பார்த்தது. ஏமாந்தது வெளியே தெரிந்தால் மானக்கேடு, பிள்ளைக்குப் பெண் கிடைக்காது, எதற்கு வம்பு. முந்நூறு பேரும் ஒருவர் பின்னால் ஒருவர் நின்றுகொண்டதில், ஒரு விஷயத்தில் எல்லோருமே குட்டையாகத்தான் இருந்தார்கள். கிருத்திகா தன் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். அறிக்கை ஏற்கனவே எழுதித் தயாராக இருந்தது. 'எதனால்' என்ற இடத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். காளியப்பன் படித்துவிட்டு, எலுமிச்சம்பழத்தைத் தவிர வேறு அடித்தல் திருத்தல் இல்லை என்று மட்டும் சொன்னார்.

அளவு நாள் வந்தது. சேலத்து மைதானத்தில் ஆறு மணிக்கு ஆஜர். சாமியாரைப் பிடித்துக் கொடுத்த பாவம் சும்மா விடுமா என்று சௌந்திரத்துக்குள் இன்னும் ஒரு மூலை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. வெள்ளியங்கிரி வேறு யோசனையில் இருந்தார். பட்டறையில் பாடி கட்டி முடித்த லாரி ஒன்று அன்றைக்குச் சேலம் போக வேண்டும். முதலாளியிடமும் டிரைவரிடமும் சொல்லி, பின்னால் மெத்தையைப் போட்டு, மகளை அதில் மல்லாக்கப் படுக்க வைத்து, எழுந்து உட்காரக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஏமாற்று வேலையா இது? உன் உயரம் என்ன என்று கேட்கிறார்கள். காலையில் இருப்பதும் அவள் உயரம்தானே. கடன் வாங்கி வந்ததில்லையே.

மைதானத்து வாசலில் லாரியிலிருந்து இறங்கினவள், முதல் வரிசையில் போய் நின்றாள். அளவுகோலை இறக்கின பெண் அதிகாரி எண்ணைச் சொன்னார். நூற்றைம்பத்தொன்பது, புள்ளி இரண்டு. அப்புறம் ஓட்டம். அதைச் சொல்ல வேண்டியதில்லை. அவளுடைய புழுதியைத்தான் மற்றவர்கள் பார்த்தார்கள்.

வெளியே வந்ததும் சௌந்திரம் மகளைக் கட்டிக்கொண்டு, வாசல் என்றும் பார்க்காமல் அழுதாள். விஷயம் வாசலில் நின்ற பெற்றோர்களுக்குள் அதற்குள் பரவிவிட்டது. அரை சென்டிமீட்டரில் போன வருஷம் தோற்ற பெண் இந்த வருஷம் ஜெயித்துவிட்டாளாம், லாரியில் படுத்துக்கொண்டே வந்தாளாம். ஓட்டமாக ஓடி வந்து சூழ்ந்துகொண்டார்கள். கிருத்திகா முதுகெலும்பு வட்டிலிருந்து ஆரம்பித்து, எல்லோருக்கும் ராத்திரி வளர்வது, பகலில் தேய்வது, சாமியார் பண்ணின மோசடி, ஒன்றுவிடாமல் நிதானமாக விளக்கினாள். எல்லோரும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்கள். சந்தேகம் ஏதாவது உண்டா என்று கேட்டாள்.

வெள்ளை வேட்டிப் பெரியவர் ஒருவர் முன்னால் வந்தார். நல்ல விவரமானவர் போலத்தான் இருந்தார்.

"எல்லாம் புரிஞ்சுதுங்க அம்மிணி. லாரில படுத்தீங்களே, தலைய எந்தப் பக்கம் வெச்சுப் படுத்தீங்க? கெழக்கயா, தெக்கயா?"

சுற்றி நின்றவர்கள் பதிலுக்காகச் செல்போனை நீட்டினார்கள். ரோடு திரும்பின பக்கமெல்லாம் தலையும் திரும்பிக்கொண்டுதான் வந்தது என்று கிருத்திகா பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதையும் ஒருத்தர் குறித்துக்கொண்டார்.

தலையை எந்தப் பக்கம் வைப்பது என்று இத்தனை அக்கறையாகக் கேட்கிற ஜனங்களே, அதற்குள்ளே என்ன வைப்பது என்று ஒருநாளாவது கேளுங்களேன்.